முப்பத்தொரு தடவை மறந்த கண்ணாடி

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல கண்டக்டர் கையால் எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, சொந்தக் காலில் நடந்து நன்றாக இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். புருவத்துக்கு மேல் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள், தழும்புகூட பெரிசாக இல்லை. முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒண்ணாம் தேதி வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதைக் கொடுக்காதே. சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் எனக்காக எழுந்து வர வேண்டாம். இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய். போனில் பேசினால் நீ பாதியிலேயே அழுதுவிடுகிறாய், நானும் சத்தம் போட்டுவிடுகிறேன். போன வாரம் எனக்கு ஞாபகமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னதற்கு, மறந்து போறவங்க யாரும் மறந்து போச்சுன்னு ஒத்துக்க மாட்டாங்கப்பா என்று ஒரு போடு போட்டாய். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், என் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். கண்டக்டர் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறார், காகிதம் பின்னாலேயே தபாலில் வரும்.

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், என்னைவிட மூன்று வயசு சின்னவர், என்னை அண்ணே என்பார். எனக்கு இருக்கிற எச்.ஐ.வி. அவருக்கும் இருக்கிறது. பதினாலு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை வாங்குகிறோம், அதனால் இதையெல்லாம் அவரை வைத்து எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. எழுத்து பொடியாக இருக்கும், ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு எழுதிப் பழகிய கை, நீதான் கண்ணைச் சுருக்கிப் படிக்கணும்.

நம்ம கிளினிக் எப்படி என்று உனக்குக் கொஞ்சம் சொல்லணும். இப்போது அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நரைத்த தலை. மாத்திரை ஆரம்பித்த புதிதில் இந்த வயசு வரைக்கும் இருப்போம் என்று எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை, டாக்டர்களும் நினைக்கவில்லை போல, அதனால் வயசானவர்களுக்கு என்று அங்கே தனியாக ஒன்றும் கிடையாது. ரத்தம் எடுப்பார்கள், கிருமி அடங்கியிருக்கிறது என்பார்கள், அடுத்த மாசம் வாங்க என்று அனுப்பிவிடுவார்கள். முட்டி வலிக்குது, தலை சுத்துது என்று வாயைத் திறந்தால் அதை வெளியில காட்டுங்க பெரியவரே என்பார்கள். வெளியில் காட்டப் போனால் இந்த வியாதியை நான் மூச்சு விட மாட்டேன். ஓட்டலில் முப்பத்தெட்டு வருஷம் சப்ளை செய்தவன், இது வெளியே தெரிந்தால் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், அந்தப் பயம் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. ஆக இந்த டாக்டருக்கு அந்த மாத்திரை தெரியாது, அந்த டாக்டருக்கு இந்த மாத்திரை தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கோ அட்டையில் எழுதியிருப்பது தெரியாது. உங்கம்மா இருந்தவரைக்கும் அவள் படித்துச் சொல்வாள். அவள் போன பிறகு நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் விழுந்தது காலை ஆறு மணிக்கு, கட்டிலை விட்டு எழுந்தேன், கண் முன்னால் வெள்ளையாக வந்தது, அலமாரி முனையில் புருவம் இடித்தது. அந்த வாரம் மாத்திரைக்குப் போனபோது சிஸ்டர் தையலைப் பார்த்துவிட்டாள். இருபது வருஷமாக என்னைப் பார்க்கிறவள், இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான். அவள்தான் சொன்னாள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை முதியோர் டாக்டரம்மா ஒருத்தர் இங்கேயே வர்றாங்க, அறுபது தாண்டினவங்க எல்லாரையும் தலை முதல் கால் வரைக்கும் பார்க்கிறாங்க, விழுந்தவங்க கட்டாயம் பார்க்கணும் என்று. சரி என்று போனேன். டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். என்னை ஐயா என்று கூப்பிட்டார், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எப்படி விழுந்தீங்க, தனியா இருக்கீங்களா, யார் சமைக்கிறா, ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டார். அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஞாபகத்துக்கு ஒரு பரீட்சை வைக்கணும் என்று ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். எனக்கு உடம்பு பூராவும் வேர்த்துவிட்டது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எனக்குக் கரண்ட் பில் படித்துக் காட்டினவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கிளினிக்கில் ஒருத்தருக்கும் தெரியாது. உங்கம்மா என் பேரைக் கையெழுத்தாகப் போட மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள், அதை ஸ்டைலாகப் போடுவேன், பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆபீசர் போட்ட மாதிரி இருக்கும். படிக்கச் சொல்லி எதையாவது நீட்டினால், கண்ணாடி எடுத்துட்டு வர மறந்துட்டேன் என்று சொல்லிவிடுவேன். முதல் நாள் சொன்ன பொய் அது, அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். அன்றைக்கும் அதையே சொன்னேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மேஜை டிராயரை இழுத்து ஒரு டப்பாவை எடுத்தார், உள்ளே ஆறு கண்ணாடி, வயசானவர்களுக்கு என்று எல்லா பவரிலும் வாங்கி வைத்திருக்கிறார். எது சரியா வருதுன்னு போட்டுப் பாருங்க ஐயா என்றார். நான் ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் சரியில்லை என்றேன். வேறு என்ன சொல்ல. சரி என்று கடிகாரம் வரையச் சொன்னார், பேனாவைப் பிடித்து ஒரு வட்டம் போட்டேன், அது நசுங்கின பாத்திரம் மாதிரி வந்தது. ஒரு அட்டையைக் காட்டி இதில் இருக்கிறபடி செய்யுங்க என்றார். நான் அந்த அட்டையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். அதில் கண்ணை மூடவும் என்று எழுதியிருந்ததாம். நான் கண்ணை மூடாதது மட்டுமில்லை, வாழ்க்கையில் அவ்வளவு அகலமாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அன்றைக்குத்தான். இதை எழுதும்போது கண்டக்டர் சிரிக்கிறார், எழுதுங்கய்யா முதலில் என்று சொல்லியிருக்கிறேன். பயத்தில் தேதிகூட ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டேன். முப்பதுக்குப் பத்தொன்பது என்றார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டாக்டரம்மா என் பைலை முன்னாடியே உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறார். நம்ம சிஸ்டர் ரொம்ப ஒழுங்கு, நான் கண்ணாடி மறந்தேன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அதை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மொத்தம் முப்பத்தொரு தடவை. வியாதி ரொம்ப நாளாக இருக்கிறவர்களுக்கு மூளையில் மறதி கொஞ்சம் முன்னாடியே வரலாமாம், ஆக பரீட்சையையும் பைலையும் சேர்த்துப் பார்த்து இவருக்கு மறதி பல வருஷமாகவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். அப்புறம் கவுன்சலர் ஒரு தாளை நீட்டினார், என் கையெழுத்தை ஸ்டைலாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மகளுக்குப் போன் பண்ணி என் நிலைமையைச் சொல்லலாம் என்று சம்மதம் கொடுத்த தாளாம் அது. வெள்ளிக்கிழமை உனக்குப் போன் வந்தது, உங்கப்பாவைத் தனியாக விடுவது நல்லதில்லை என்று சொன்னார்கள், நீ அழுதாய், மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, யாரைக் கேட்டு என் மகளுக்குப் போன் பண்ணினீங்க என்று சண்டைக்குக் கிளம்பினேன். வழியில்தான் யோசித்தேன், என்னைக் கேட்டுத்தானே பண்ணியிருக்கிறார்கள்.

கண்டக்டரிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லாமல் மறதி, மறதி என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணே, பஸ் வந்தா போர்டைப் பார்க்காம டிரைவர் முகத்தைப் பார்த்து இது எங்க போகுதுன்னு கேட்கிறவங்களை முப்பது வருஷம் பார்த்திருக்கேன், நான் இந்த பெஞ்சில உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்த முதல் மாசமே எனக்குத் தெரியும் என்றார். பதினாலு வருஷம் தெரிந்தும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை, பேப்பரை என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே படிப்பார், அது அவர் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எச்.ஐ.வி.ன்னு இந்த பெஞ்சில அஞ்சு பேர் முன்னால சொல்ற ஆளு, எழுத்துத் தெரியாதுன்னு சொல்ல இவ்வளவு நெளியறீங்களே என்று கேட்டார். அதற்கு நான், வியாதிக்காவது மாத்திரை இருக்கு என்றேன். உங்க பொண்ணு வேலை போனா அதுக்கு எந்த மாத்திரை என்று திருப்பிக் கேட்டார். டாக்டரம்மா அடுத்து வருகிற புதன்கிழமை, அதாவது நேற்று, இரண்டு பேரும் போனோம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. கண்ணாடியே என்கிட்ட கிடையாது" என்றேன். சொன்னதும் காது சூடாகிவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இருபது வருஷத்துல இங்க யாருமே கேட்கலையா ஐயா என்றார். கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன் என்றேன். பக்கத்தில் நின்ற சிஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை, முப்பத்தொரு தடவை என் கையால எழுதினேனே, ஒரு தடவையாவது சொல்லக் கூடாதா, நீங்க கையெழுத்துப் போடுற அழகைப் பார்த்து உங்களை ஏதோ பெரிய படிப்புப் படிச்சவர்னு நினைச்சேன் என்று சண்டை போட்டாள். டாக்டரம்மா அவளை நிறுத்திவிட்டு, தப்பு என்னுது, பரீட்சை வைக்கிறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனீங்களான்னு கேட்டிருக்கணும், கேட்கிறதுக்கு அந்தத் தாள்லயே ஒரு கட்டம் இருக்கு, கையெழுத்தைப் பார்த்து நானே நிரப்பிட்டேன் என்றார். இனிமேல் எல்லாரையும் வாயாலேயே கேட்கப் போகிறாராம். நேற்று மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள் என்று சிஸ்டர் சொன்னாள்.

அப்புறம் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு என்றே இருக்கிற வேறு பரீட்சையை வைத்தார். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியுமோ சொல்லுங்க என்றார், இருபத்திரண்டு சொன்னேன், கொசு மிருகமா என்று கண்டக்டர் தகராறு பண்ணினார், அதைக் கழித்துவிட்டார்கள். நாள், தேதி, எந்த வழியாக வந்தேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் சொன்னேன். இருபது வருஷத்தில் எனக்குக் கொடுத்த மாத்திரையெல்லாம் என்னென்ன என்று கேட்டார். முதலில் கொடுத்தது இரண்டு வேளை, ஒன்று நீளமான வெள்ளை, அதில் எனக்கு ரத்தம் குறைந்து மூன்றாம் மாசம் மாற்றினார்கள், அப்போது நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். மாற்றிக் கொடுத்தது ஐந்து வருஷம் ஓடியது. அப்புறம் ராத்திரி மட்டும் போடுகிற மஞ்சள், அதைப் போட்டால் கண்டபடி கனவு வரும், அது ஒன்பது வருஷம். இப்போது போடுகிற சின்னது ஆறு வருஷமாக, உங்கம்மா போவதற்கு முந்தின மாசம் ஆரம்பித்தது. டாக்டரம்மா பைலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் பைலில் வருஷம் தப்பாக இருந்தது, நான் சொன்னதுதான் சரி.

பையிலிருந்த மாத்திரையையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார், வெளியில் வாங்குவது, கடையில் கேட்டு வாங்குவது எல்லாம். கண்டக்டர் ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். நான் போடுகிற ரோஸ் மாத்திரை பழைய டாக்டர் பிரஷருக்குக் கொடுத்தது, இப்போது போடுகிற மஞ்சள் மாத்திரை அதே பிரஷருக்குப் புது டாக்டர் கொடுத்தது. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. நிறம் வேறென்றால் மருந்தும் வேறு என்று நினைத்து எட்டு மாசமாக இரண்டையும் போட்டிருக்கிறேன். படுக்க வைத்து பிரஷர் பார்த்தார், எழுந்து நிற்க வைத்துப் பார்த்தார், நின்றதும் முப்பது இறங்கிவிட்டது. நீங்க ஏன் விழுந்தீங்கன்னு இப்ப தெரியுதா என்றார். எலும்புக்கு நல்லது என்று கடைக்காரன் கொடுத்த பெரிய வெள்ளை மாத்திரையை கிளினிக் மாத்திரையோடு ஒரே வாயில் போட்டு முழுங்கிக்கொண்டிருந்தேன், அது இதை ரத்தத்தில் சேர விடாதாம். இப்போது அதை மத்தியானச் சாப்பாட்டோடு போடச் சொல்லிவிட்டார், மஞ்சளை நிறுத்திவிட்டார். மாத்திரைக்குக் கட்டம் போட்ட ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள், சிஸ்டர் அதில் காலைக்குச் சூரியனும் மத்தியானத்துக்குத் தட்டும் படமாக ஒட்டிக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வந்து சரிபார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாலு மீட்டர் நடக்க விட்டுப் பார்த்தார்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார்கள், நான் செய்துவிட்டேன். கூடவே செய்த கண்டக்டர் மூன்றாம் தடவையிலேயே, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஹோல்டான் சொல்லிவிட்டார், அவருக்குத் தொடையில் பலம் இல்லையாம், தினமும் பயிற்சி செய்யணும். இதை எழுத மாட்டேன் என்றார், எழுத வைத்திருக்கிறேன். எனக்கு எலும்பு மெலிந்திருக்கிறதா என்று அடுத்த வாரம் படம் எடுக்கப் போகிறார்கள்.

இனிமேல் சொல்லப் போவதை மறைத்துவிடலாம் என்று நேற்று முழுக்க நினைத்தேன். ஆனால் மறைத்துப் பட்டதெல்லாம் போதும். பரீட்சை ஆரம்பத்தில் டாக்டரம்மா ஐந்து பொருள் சொன்னார், கடைசியில் திரும்பக் கேட்பேன் என்றார். நான் எப்போதும் செய்கிற மாதிரி செய்தேன், ஓட்டலில் சீட்டு எழுதாமல் பத்து மேஜைக்கு எப்படி ஞாபகம் வைத்தேனோ அப்படி. முதல் மேஜையில் கத்தரிக்கோல், இரண்டாவதில் ஏணி, மூன்றாவதில் செருப்பு, ஐந்தாவதில் விளக்கு. நாலாம் மேஜை வரவில்லை. அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறது தெரிகிறது, என்ன கேட்டார் என்று தெரியவில்லை. ஓட்டலில் எனக்கு அப்படி ஒரு நாளும் ஆனதில்லை. உடனிருந்த கண்டக்டருக்குத் தெரியும், சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போதும் யோசித்தேன், வரவில்லை. டாக்டரம்மா இந்த வயசில் ஐந்தில் ஒன்று போவது சாதாரணம், தனியாக இருக்கலாம், ஒன்றும் பயமில்லை என்று சொல்லி அதைப் பைலிலும் எழுதினார். ஆனால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றும் சொன்னார். அப்போது நானே ஒன்று கேட்டேன். இன்னொரு தாள் கொடுங்க, ஐந்தில் மூன்று மேஜை காலியாயிடுச்சுன்னா என்னைக் கேட்காமலே என் மகளைக் கூப்பிடலாம்னு எழுதிக் கொடுத்துடறேன் என்றேன். அவர் எழுதினார், கண்டக்டர் வரி வரியாகப் படித்துக் காட்டினார், ஒரு இடத்தில் மாற்றச் சொல்லி மாற்றிய பிறகு கையெழுத்துப் போட்டேன். அதன் ஒரு நகல் இதோடு வைத்திருக்கிறேன்.

அதனால் அம்மாடி, இன்றைக்கு நீ வேலையை விட வேண்டாம். எழுதி வைத்த தாளைக் கிழித்துப் போடு. கொடுத்துவிட்டாய் என்றால் போய்த் திரும்பக் கேள், வெட்கப்படாதே. இங்கே எனக்கு நடக்கக் கால் இருக்கிறது, பார்க்க சிஸ்டரும் டாக்டரம்மாவும் இருக்கிறார்கள், சண்டை போட கண்டக்டர் இருக்கிறார். குட்டிக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும்போது மூன்று பேரும் வாருங்கள், வந்தால் நீயும் ஒரு புதன்கிழமை என்னோடு கிளினிக்குக்கு வா, டாக்டரம்மாவிடம் நேரில் பேசு. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவர் அவசரப்படாதே என்று சொன்னது என் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. குட்டிக்கு விழுந்த பல்லுக்குப் பதில் முளைத்துவிட்டதா என்று சொல். சூப்பர்வைசர் ஆன பிறகும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய், முட்டிக்கு இப்போதே ஏதாவது செய், என் வயசு வரைக்கும் காத்திருக்காதே. நீங்கள் மூன்று பேரும் நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்கணும், அதுதான் நான் தினமும் கேட்பது.

ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள். அந்த இரண்டாவது தாளை வைத்து என்றைக்காவது உனக்குப் போன் வந்தால், அன்றைக்கு நான் எனக்கு ஒன்றுமில்லை, யாரும் வர வேண்டாம் என்று போனில் கத்துவேன், உன்னைத் திட்டக்கூடத் திட்டுவேன். அதைக் காதில் வாங்காதே. கிளம்பி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. அன்றைக்குப் பேசுகிற ஆளின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று, முழு ஞாபகத்தோடு இருக்கிற நான் இன்றைக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னது உன் அப்பா.
கண்டக்டர் எழுதி, முதலிலிருந்து கடைசி வரை எனக்குப் படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது.